குளியலறைப் பொருத்துகளின் மேற்பூச்சு

குளியலறைப் பொருத்துகளின் மேற்பூச்சு என்பது, குளியலறையில் பொருத்தப்படும் குழாய்கள், ஷவர்கள், துவாலைத் தண்டுகள், கைப்பிடிகள், வடிகால் மூடிகள் முதலிய பொருட்களின் வெளிப்புறத்தில் அமைக்கப்படும் மெல்லிய படலத்தைக் குறிக்கும். இப்படலம் உள்ளிருக்கும் உலோகத்தை அரிப்பிலிருந்து காக்கின்றது. பொருளுக்கு நிறத்தையும் பளபளப்பையும் தருகின்றது. குரோமியம், நிக்கல் ஆகியவற்றின் மின்முலாம், ஆவிப்படிவுப் பூச்சு, தூள் பூச்சு, நிறமற்ற மெருகெண்ணெய் ஆகியவை இன்று பரவலாகப் பயன்படும் வகைகள் ஆகும். துருவுறா எஃகு போன்ற சில உலோகங்கள், பூச்சு எதுவுமின்றி, மெருகூட்டப்பட்டு மட்டும் பயன்படுத்தப்படுகின்றன.

ஒரு மேற்பூச்சு நீண்ட காலம் அழகாக இருக்குமா, எளிதில் தூய்மை செய்யக்கூடியதாக இருக்குமா என்பது பூச்சின் தன்மையை மட்டும் பொறுத்ததன்று. அவ்விடத்து நீரின் தன்மை, காற்றின் ஈரப்பதன், தூய்மை செய்யப் பயன்படும் பொருட்கள் ஆகியவையும் அதனைத் தீர்மானிக்கின்றன. தமிழ்நாட்டின் நீலகிரி மாவட்டம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு ஆகும். சமவெளியில் குழாய்களின் தோற்றத்தைக் கெடுப்பது பெரும்பாலும் உப்பு நீர் விட்டுச்செல்லும் வெண்கறை ஆகும். மலைமேல் உதகமண்டலம், குன்னூர், கோத்தகிரி முதலிய இடங்களில் உலராத ஈரமும், அமிலத்தன்மை சார்ந்த மென்னீருமே கூடுதலான சேதத்தை விளைவிக்கின்றன. ஆகவே, சமவெளியில் சிறந்ததாகக் கருதப்படும் ஒரு பூச்சு மலையிலும் அதே பயனைத் தரும் எனக் கொள்ள முடியாது.

மேற்பூச்சும் மெருகும்

வழக்கில் ஒன்றாகவே பேசப்பட்டாலும் மேற்பூச்சு, மெருகு ஆகிய இரண்டும் வேறுபட்டவை. மேற்பூச்சு என்பது எப்பொருளால் ஆன படலம் என்பதைக் குறிக்கும். மெருகு என்பது அப்படலத்தின் பரப்பு எவ்வாறு முடிக்கப்பட்டுள்ளது என்பதைக் குறிக்கும். ஒரே நிக்கல் பூச்சைக் கண்ணாடிபோல் பளபளப்பாகவும், நுண்ணிய கோடுகள் கொண்டதாகவும், மங்கலாகவும் முடிக்க இயலும்.

மெருகு மூன்று வகைப்படும்.

• பளபளப்பு மெருகு: பரப்பு மிக வழவழப்பாக இருப்பதால் அழுக்கு ஒட்டிக்கொள்வது குறைவு. ஆனால் கைரேகையும் நீர்த்துளியின் தடமும் உடனே கண்ணுக்குத் தெரியும்.
• கோட்டு மெருகு: ஒரே திசையில் நுண்ணிய கோடுகள் இழைக்கப்பட்டிருக்கும். கடைகளில் இது சாட்டின் அல்லது பிரஷ்டு எனப்படுகின்றது. கைரேகையையும் சிறு கீறல்களையும் மறைக்கும். கோட்டின் போக்கிலேயே துடைக்க வேண்டும்.
• மங்கல் மெருகு: ஒளியைச் சிதறச் செய்யும் சொரசொரப்பான பரப்பைக் கொண்டது. கடைகளில் மேட் எனப்படும். கைரேகை தெரியாது எனினும், சவர்க்காரப் படிவும் எண்ணெய்ப் பிசுக்கும் நுண்குழிகளில் தங்கிவிட்டால் அகற்றுவது கடினம்.

கறை கண்ணுக்குத் தெரியாமல் இருப்பதும், கறை எளிதில் நீங்குவதும் வெவ்வேறு பண்புகள் ஆகும். பளபளப்புப் பரப்பு கறையை எளிதில் காட்டும், எளிதில் விட்டுவிடும். மங்கல் பரப்பு கறையை மறைக்கும், ஆனால் எளிதில் விடாது. பூச்சுகளைத் தெரிவு செய்வதில் ஏற்படும் ஏமாற்றங்கள் பல இவ்வேறுபாட்டை அறியாமையால் விளைபவை.

வரலாறு

உலோகக் குழாய்கள் தொடக்கத்தில் பூச்சு இல்லாத பித்தளையாலும் வெண்கலத்தாலும் செய்யப்பட்டன. 19-ஆம் நூற்றாண்டில் மின்முலாம் பூசும் தொழில்நுட்பம் வளர்ந்தபோது, அந்நூற்றாண்டின் பிற்பகுதியில் நிக்கல் பூச்சு பரவலானது. குரோமியம் 1797-ஆம் ஆண்டில் பிரெஞ்சு வேதியியலாளர் வோக்லனால் கண்டறியப்பட்டதெனினும், அதனை வணிக முறையில் முலாம் பூசுவது 1920-களிலேயே கைகூடியது. நிக்கலைப் போல் மங்காமல், துடைத்தவுடன் ஒளிவிடும் தன்மையால் குரோமியம் விரைவில் நிக்கலின் இடத்தைப் பிடித்தது. துருவுறா எஃகை 1913-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் ஹாரி பிரியர்லி உருவாக்கினார்.

நீலகிரியில் ஐரோப்பியக் குடியிருப்புகள், கோயம்புத்தூர் ஆட்சியராக இருந்த ஜான் சல்லிவன் 1819-ஆம் ஆண்டில் மலைக்கு வந்ததைத் தொடர்ந்து தோன்றின. பின்னர் உதகமண்டலம் சென்னை மாகாணத்தின் கோடைகாலத் தலைநகராக விளங்கியது. மலை இரயில் 1899-இல் குன்னூரையும், 1908-இல் உதகமண்டலத்தையும் எட்டியது. அக்காலப் பங்களாக்களில், விறகடுப்பில் சூடாக்கிய நீரைப் பணியாளர்கள் சுமந்து வந்து தொட்டியில் ஊற்றுவதே வழக்கமாக இருந்தது. குழாய் நீர் வந்த பின்னரே குளியலறைக் குழாய்கள் தேவைப்பட்டன.

இவ்வரலாறு பழைய கட்டிடங்களைப் புதுப்பிப்போருக்குப் பயனுள்ளது. 1920-களுக்கு முன் கட்டப்பட்ட ஒரு பங்களாவின் குளியலறையில் தொடக்கத்தில் குரோமியப் பூச்சு இருந்திருக்க இயலாது. அக்காலத் தோற்றத்தை மீட்க விரும்புவோருக்குப் பொருந்துபவை நிக்கல் பூச்சும் பித்தளையுமே ஆகும். நிக்கல் சற்று மஞ்சள் கலந்த வெண்ணிறம் உடையது. குரோமியம் நீலம் கலந்த வெண்ணிறம் உடையது. இரண்டையும் அருகருகே வைத்தால் வேறுபாடு தெளிவாகத் தெரியும்.

நீலகிரியின் சூழல்

நீர்

நீரில் கரைந்துள்ள கால்சியம், மக்னீசியம் உப்புகளின் அளவே அதன் கடினத்தன்மை ஆகும். கால்சியம் கார்பனேட்டு அளவில் கணக்கிட்டு, லிட்டருக்கு 60 மில்லிகிராம் வரை உள்ள நீர் மென்னீர் எனவும், 180 மில்லிகிராமுக்கு மேற்பட்டது மிகக் கடினமான நீர் எனவும் பொதுவாக வகைப்படுத்தப்படுகின்றன. இந்தியக் குடிநீர்த் தரமான ஐ.எஸ். 10500, கடினத்தன்மைக்கு 200 மில்லிகிராமை ஏற்கத்தக்க அளவாகவும், வேறு நீர் கிடைக்காத இடத்தில் 600 மில்லிகிராமை உச்ச அளவாகவும் கொண்டுள்ளது. எனவே, குடிப்பதற்கு உகந்ததாகக் கொள்ளப்படும் நீரும் குழாய்களில் தடித்த வெண்கறையை ஏற்படுத்தக்கூடும்.

நீலகிரியின் அடிப்பாறை பெரும்பாலும் சார்னோக்கைட்டு வகையைச் சேர்ந்தது. இது சுண்ணாம்புப் பாறை அன்று. பெருமழை மண்ணிலுள்ள கரையும் உப்புகளை நெடுங்காலமாக அடித்துச் சென்றுவிட்டதால், மண் அமிலத்தன்மை உடையதாகக் காணப்படுகின்றது. அமில மண்ணை விரும்பும் தேயிலை இங்கு செழிப்பதே இதற்குச் சான்று. இக்காரணங்களால் மலையோடைகளையும் மழைநீர் தேங்கும் நீர்த்தேக்கங்களையும் சார்ந்த நீர் பொதுவாக மென்னீராக உள்ளது. உதகமண்டலம் பார்சன்ஸ் பள்ளத்தாக்கு நீர்த்தேக்கத்திலிருந்தும், குன்னூர் ரேலியா அணையிலிருந்தும் நீரைப் பெறுகின்றன.

மென்னீரில் சவர்க்காரம் நன்கு நுரைக்கும், வெண்கறை குறைவு. ஆனால் மென்மையும் அமிலத்தன்மையும் சேர்ந்த நீர் உலோகங்களைக் கரைக்கும் இயல்புடையது. பித்தளையிலுள்ள துத்தநாகத்தை அது சிறிது சிறிதாகக் கரைத்து வெளியேற்றுவதால், எஞ்சும் செம்பு நுண்துளைகளுடன் வலுவிழந்து போகின்றது. இது துத்தநாக நீக்க அரிப்பு எனப்படும். செப்புக் குழாய்வழிகள் உள்ள வீடுகளில், சொட்டும் குழாயின் கீழ் கழுவுதொட்டியில் நீலப்பச்சை நிறக் கறை தோன்றுவதும் இதே காரணத்தால் ஆகும்.

எல்லா இடத்து நீரும் ஒரே தன்மையுடையதன்று. செம்புறை மண் உள்ள பகுதிகளின் கிணற்று நீரில் இரும்பு கலந்திருக்கக்கூடும். அது காற்றுப் பட்டவுடன் செம்பழுப்புக் கறையாகப் படியும். மழைக்காலத்தில் கலங்கல் நீரும் வருவதுண்டு. கோடையில் வேறிடத்துக் கிணற்று நீரை வண்டியில் வருவித்துப் பயன்படுத்தும் வீடுகளிலும் விடுதிகளிலும், ஆண்டின் சில மாதங்களில் நீரின் தன்மை முற்றிலும் மாறிவிடும்.

ஈரப்பதனும் குளிரும்

கூடலூர், பந்தலூர் பகுதிகள் தென்மேற்குப் பருவமழையிலும், குன்னூர், கோத்தகிரி பகுதிகள் வடகிழக்குப் பருவமழையிலும் மிகுந்த மழை பெறுகின்றன. மழையற்ற நாட்களிலும் மூடுபனி படர்கின்றது. குளிரை அஞ்சிச் சாளரங்கள் மூடியே வைக்கப்படுவதால், வெந்நீரின் ஆவி குளியலறைக்குள்ளேயே தங்கி, குளிர்ந்த உலோகப் பரப்பில் துளிகளாகப் படிகின்றது. சமவெளியில் ஒரு மணி நேரத்தில் உலர்ந்துவிடும் குழாய், மலையில் மழைக்காலம் முழுவதும் ஈரமாகவே இருக்கக்கூடும்.

ஆவியிலிருந்து படியும் துளியில் உப்பு இல்லை. எனவே அது வெண்கறை விடுவதில்லை. ஆனால் இடைவிடாத ஈரம், பூச்சிலுள்ள நுண்துளைகள் வழியே உள் உலோகத்தை அடைந்து அரிப்பைத் தொடங்கி வைக்கின்றது. குழாயின் அடிப்பகுதி, சுவரைத் தொடும் வட்டத் தட்டின் பின்புறம், சிலிக்கோன் பூசிய இடுக்குகள் ஆகியவற்றில் கரும்பூஞ்சை வளர்கின்றது. உறைபனி விழும் திசம்பர், சனவரி மாதங்களில் குளிர்ந்த குழாயின் வழியே திடீரெனச் சூடான நீர் பாயும்போது, உலோகமும் அதன்மேலுள்ள பூச்சும் வெவ்வேறு அளவில் விரிவடைகின்றன. தரம் குறைந்த பூச்சுகள், குறிப்பாக நெகிழியின் மேல் பூசப்பட்டவை, இதனால் உரிகின்றன.

மேற்பூச்சு வகைகள்

குரோமியப் பூச்சு

இன்றும் மிகப் பரவலாகப் பயன்படுவது குரோமியப் பூச்சே ஆகும். இது உண்மையில் இரண்டு படலங்களைக் கொண்டது. பித்தளையின் மேல் முதலில் சுமார் 5 முதல் 25 மைக்ரோமீட்டர் வரை தடிப்புள்ள நிக்கல் படலமும், அதன்மேல் ஒரு மைக்ரோமீட்டரில் பாதியும் இல்லாத குரோமியப் படலமும் பூசப்படுகின்றன. மனிதத் தலைமயிர் ஒன்றின் தடிப்பு சுமார் 70 மைக்ரோமீட்டர் என்பதை நோக்க, இப்படலங்கள் எவ்வளவு மெல்லியவை என்பது விளங்கும். அரிப்பைத் தடுக்கும் பணியைப் பெரிதும் நிக்கலே செய்கின்றது. குரோமியம் கடினத்தையும் மங்காத ஒளியையும் தருகின்றது. எனவே நிக்கல் படலத்தின் தடிப்பைக் குறைத்துச் செய்யப்படும் மலிவான குழாய்கள் புதிதாக இருக்கும்போது தரமானவை போலவே தோன்றினாலும், ஈரம் மிகுந்த இடங்களில் விரைவில் புள்ளி புள்ளியாகக் கெட்டுவிடுகின்றன.

குரோமியம் வலிமை குறைந்த அமிலங்களையும் சவர்க்காரங்களையும் தாங்கும். ஆனால் ஹைட்ரோகுளோரிக் அமிலம் அதனைக் கரைத்துவிடும். நீலகிரிச் சூழலுக்கு, தடித்த நிக்கல் படலத்தின் மேல் அமைந்த பளபளப்பான குரோமியம் பொருத்தமான பூச்சு ஆகும். மென்னீரில் வெண்கறை குறைவு என்பதால் அதன் முதன்மைக் குறையான நீர்த்துளித் தடம் இங்கு பெரிதாகத் தோன்றுவதில்லை. மூடுபனிக் காலத்தின் மங்கலான வெளிச்சத்தில் அது ஒளியை எதிரொளித்து அறையைச் சற்று வெளிச்சமாகவும் காட்டும்.

நிக்கல் பூச்சு

கோட்டு மெருகு பெற்ற நிக்கல், கைரேகையையும் நீர்த்தடத்தையும் மறைக்கும். மேற்காப்பு இல்லாத நிக்கல் ஈரக்காற்றில் நாளடைவில் மங்கி மஞ்சளாகும். அதனால் பல தயாரிப்பாளர்கள் அதன்மேல் நிறமற்ற மெருகெண்ணெய் பூசுகின்றனர், அல்லது ஆவிப்படிவு முறையில் நிக்கல் நிறத்தை உருவாக்குகின்றனர். வாங்கும்போது இது எவ்வகை என்பதைக் கேட்டறிதல் வேண்டும். நிக்கல் ஒவ்வாமை உள்ளவர்கள் வெற்று நிக்கல் கைப்பிடிகளைத் தவிர்ப்பது நன்று.

துருவுறா எஃகு

தமிழ்நாட்டில் எவர்சில்வர் எனப்படும் துருவுறா எஃகுக்குத் தனியே பூச்சு தேவையில்லை. அதிலுள்ள குரோமியம் காற்றிலுள்ள உயிர்வளியுடன் சேர்ந்து, தானே ஒரு காப்புப் படலத்தை அமைத்துக்கொள்கின்றது. கீறல் விழுந்தாலும் அப்படலம் மீண்டும் உருவாகும். உரிவதற்குப் பூச்சு எதுவும் இல்லை என்பதே இதன் சிறப்பு. மென்னீர் இதனைப் பித்தளையைப் போல் அரிப்பதில்லை.

304 எனப்படும் வகையில் சுமார் 18 விழுக்காடு குரோமியமும் 8 விழுக்காடு நிக்கலும் உள்ளன. 316 வகையில் மாலிப்டினமும் சேர்க்கப்படுவதால் அது கடற்கரைக்கு ஏற்றது. மலைக்கு 304 போதுமானது. நிக்கலைக் குறைத்து மாங்கனீசு சேர்த்த 200 வரிசை எஃகு இந்தியச் சந்தையில் மிகுதியாக விற்கப்படுகின்றது. அது ஈரத்தில் விரைவாகப் பழுப்புப் புள்ளி கொள்ளும். காந்தம் ஒட்டாவிட்டால் நல்ல எவர்சில்வர் என்னும் நம்பிக்கை பரவலாக உள்ளது. ஆனால் 304, 200 வரிசை ஆகிய இரண்டுமே பெரும்பாலும் காந்தத்தில் ஒட்டுவதில்லை. எனவே இச்சோதனையால் அவற்றைப் பிரித்தறிய முடியாது. பொருளில் அல்லது விலைச்சீட்டில் வகை எண் குறிக்கப்பட்டிருத்தலே நம்பத்தக்கது.

பித்தளை, வெண்கலம்

பூச்சற்ற பித்தளை பழைய பங்களாக்களுக்கு அழகு சேர்க்கும். தமிழர் வீடுகளில் பித்தளைப் பாத்திரங்களைப் புளியும் சாம்பலும் இட்டுத் துலக்குவது நெடுநாள் வழக்கம். புளியிலுள்ள டார்ட்டாரிக் அமிலம் மேற்படிந்த ஆக்சைடைக் கரைத்துப் பொன்னிறத்தை மீட்கின்றது. பூச்சற்ற பித்தளைக் குழாய்க்கும் இம்முறை பொருந்தும். ஆனால் மலையின் ஈரத்தில் சில நாட்களிலேயே மீண்டும் மங்கிவிடும். மங்கலை அழகாக ஏற்போருக்கு இது குறையன்று. பளபளப்பை விரும்புவோருக்குத் தீராத வேலை ஆகும்.

மெருகெண்ணெய் பூசிய பித்தளையில் புளியையும் சாம்பலையும் பயன்படுத்தலாகாது. அவை எண்ணெய்ப் படலத்தைக் கீறி, திட்டுத்திட்டாகக் கறுக்கச் செய்யும்.

கறுப்புப் பூச்சு

2010-களில் மங்கல் கறுப்புப் பொருத்துகள் பரவலாயின. இவற்றில் பல தூள் பூச்சு முறையில் செய்யப்படுகின்றன. நிறமியும் பிசினும் கலந்த தூளை மின்னேற்றம் செய்து தெளித்து, அடுப்பில் உருக்கி ஒட்டவைப்பதே இம்முறை. கடின நீர் உள்ள இடங்களில் கறுப்புப் பரப்பின் மேல் உப்புக் கறை சுண்ணாம்பு தெளித்தாற்போல் தோன்றும். சென்னையிலும் கோயம்புத்தூர்ச் சமவெளியின் பல பகுதிகளிலும் ஆழ்துளைக் கிணற்று நீரைப் பயன்படுத்துவோர் இதனை நாள்தோறும் துடைக்க வேண்டியிருக்கும். நீலகிரியின் மென்னீரில் இத்தொல்லை குறைவு. எனினும் எண்ணெய்க் குளியலின் பிசுக்கும் சீயக்காய்த் தூளும் மங்கல் பரப்பில் தங்கும். கரும்பூஞ்சை கறுப்பின்மேல் கண்ணுக்குத் தெரியாது வளரும் என்பதையும் கருத்தில் கொள்ள வேண்டும்.

ஆவிப்படிவுப் பூச்சு

கடைகளில் பி.வி.டி. எனப்படும் இம்முறையில், வெற்றிடக் கலத்துள் தைட்டானியம், சிர்க்கோனியம் போன்ற உலோகங்கள் ஆவியாக்கப்பட்டு, நைட்ரசன் முதலிய வளிமங்களுடன் சேர்ந்து பொருளின் மேல் படியச் செய்யப்படுகின்றன. பொன், வெண்கலம், கருஞ்சாம்பல் முதலிய நிறங்களை இதனால் பெறலாம். படலம் மிக மெல்லியதெனினும் குரோமியத்தை விடக் கடினமானது; கீறலையும் மங்கலையும் நன்கு எதிர்க்கும். ஆயினும் இதன் அடியிலுள்ள நிக்கல் படலம் தரமற்றதாயின் ஈரம் உள்ளே புகுவதை ஆவிப்படிவு தனியே தடுக்காது. விலை கூடுதல் ஆகும்.

நெகிழி

பி.டி.எம்.டி. எனப்படும் நெகிழியால் ஆன குழாய்கள் அரிப்பதும் இல்லை, பூச்சு உரிவதும் இல்லை. தேயிலைத் தோட்டங்களின் லயன் வீடுகளிலும், பொதுக் கழிப்பறைகளிலும், குறைந்த செலவில் கட்டப்படும் வீடுகளிலும் இவை ஏற்புடையவை. வெள்ளை நிறமானவற்றில் மஞ்சள் பூசிக் குளிப்பதால் கறை ஏறுவதுண்டு. நெகிழிக் குழாய்களுக்கு ஐ.எஸ். 9763 என்னும் இந்தியத் தரம் உள்ளது. குரோமிய முலாம் பூசிய நெகிழிக் கைஷவர்கள் இவற்றினின்றும் வேறானவை. அவற்றின் முலாம் உரியக்கூடியது.

உள் உலோகம்

பூச்சு எதுவாயினும் அதன் ஆயுளை உள் உலோகமே முடிவு செய்கின்றது. பித்தளையே குழாய்களுக்குரிய வழக்கமான உலோகம். விலை குறைந்த பொருட்கள் துத்தநாகக் கலப்புலோகத்தால் வார்க்கப்படுகின்றன. இவற்றின் முலாமில் ஒரு துளை விழுந்தால், ஈரம் புகுந்து, துத்தநாகம் வெண்தூளாக மாறி, முலாமைக் கொப்புளம் போல் உயர்த்தும். ஒரே அளவுள்ள இரு குழாய்களில் பித்தளைக் குழாய் கையில் கனமாக இருக்கும். செம்புக் கலப்புலோகக் குழாய்களுக்கு ஐ.எஸ். 781, ஐ.எஸ். 8931 ஆகிய இந்தியத் தரங்கள் உள்ளன.

பூச்சு குழாயின் வெளிப்புறத்தை மட்டுமே காக்கின்றது. நீர் தொடும் உட்புறத்தை அன்று. கடைந்து செய்வதற்கு எளிதாக இருக்கும் பொருட்டுப் பித்தளையில் சிறிதளவு ஈயம் கலக்கப்படுவதுண்டு. இரவு முழுவதும் குழாயினுள் தங்கிய மென்னீர் இந்த ஈயத்தையும் செம்பையும் ஓரளவு கரைக்கக்கூடும். காலையில் முதலில் வரும் நீரைக் குடிக்கவோ குழந்தைகளுக்குக் கொடுக்கவோ பயன்படுத்தாமல், வாளியில் பிடித்துத் தரை கழுவப் பயன்படுத்துவது நல்லது. ஐக்கிய அமெரிக்காவில் 2014 முதல் குடிநீர்க் குழாய்களில் நீர் தொடும் பரப்பின் ஈய அளவு சராசரியாக 0.25 விழுக்காட்டுக்கு மிகலாகாது என்னும் சட்டம் நடைமுறையில் உள்ளது.

கறைகளும் அவற்றின் காரணங்களும்

• வெண்ணிறப் படிவு: கடின நீரிலுள்ள கால்சியம் கார்பனேட்டு. நீர் கலந்த வினிகர் அல்லது எலுமிச்சைச் சாற்றில் நனைத்த துணியைச் சில நிமிடங்கள் சுற்றி வைத்து, உடனே நன்கு கழுவ நீங்கும்.
• செம்பழுப்புக் கறை: நீரிலுள்ள இரும்பு, அல்லது பழைய இரும்புக் குழாய்வழியின் துரு. எலுமிச்சையிலுள்ள சிட்ரிக் அமிலம் இதனைக் கரைக்கும். வெளுப்புத்தூள் இக்கறையை நீக்காது. மேலும் ஆழப் பதியச் செய்யும்.
• நீலப்பச்சைக் கறை: செம்பு கரைவதைக் காட்டுவது. கறையை அகற்றுவதுடன், சொட்டும் குழாயைச் செப்பனிடவும் நீரின் அமிலத்தன்மையைச் சோதிக்கவும் வேண்டும்.
• கருநீலக் கறை: தேநீரிலுள்ள டானின் இரும்புடன் சேர்வதால் உண்டாவது. இரும்பு கலந்த நீர் வரும் வீடுகளில் மீந்த தேநீரைக் கழுவுதொட்டியில் ஊற்றாதிருப்பதே இதற்கு எளிய தீர்வு.
• கரும்பூஞ்சை: ஈரமும் காற்றோட்டமின்மையும் காரணம். துடைத்து உலர்த்தாமல் எந்த மருந்தாலும் நிலையாக நீங்காது.

தெரிவு செய்யும் முறை

பூச்சைத் தெரிவு செய்யுமுன் நீரை அறிதல் வேண்டும். கறுப்பு நிறத் தட்டு ஒன்றில் குழாய் நீரின் சில துளிகளை விட்டு, உலரும் வரை வைத்தால், வெள்ளை வளையம் கடினத்தன்மையையும், பழுப்பு வளையம் இரும்பையும் காட்டும். வளையம் தோன்றாவிடில் நீர் மென்னீர் எனலாம். வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் வெண்படிவு உள்ளதா என்பதும் இதனையே உணர்த்தும். கோடையில் வேறு நீர் பயன்படுமாயின் அதனையும் சோதிக்க வேண்டும்.

இதன் பின்னர்ப் பின்வருவன கருதத்தக்கவை.

• மென்னீரும் மிகுந்த ஈரமும் உள்ள வீடு: தடித்த நிக்கலின் மேல் அமைந்த குரோமியம், 304 துருவுறா எஃகு, அல்லது தரமான ஆவிப்படிவு.
• இரும்பு கலந்த நீர் உள்ள வீடு: கோட்டு மெருகு எஃகு அல்லது நிக்கல் நிறம். வெள்ளையும் பளபளப்பும் கறையை மிகுத்துக் காட்டும்.
• கடின நீர் உள்ள வீடு: கோட்டு மெருகுடைய வெளிர்நிறப் பூச்சுகள். மங்கல் கறுப்பைத் தவிர்க்கலாம்.
• தங்கும் விடுதி: அறைகள் பலவற்றை ஒரு சிலரே, விரைவாகத் தூய்மை செய்ய வேண்டியிருப்பதால், தனிக் கவனம் வேண்டாத ஒரே வகைப் பூச்சை எல்லா அறைக்கும் கொள்வது நன்று.
• லயன் வீடு, பொதுக் குளியலறை: பலரும் பயன்படுத்துவதால் உறுதியே முதன்மையானது. நெகிழி அல்லது துருவுறா எஃகு ஏற்றது.

வடிவமும் பூச்சைப் போலவே முக்கியமானது. செதுக்கு வேலைப்பாடும் இடுக்குகளும் நிறைந்த குழாயில் எந்தப் பூச்சும் எளிதில் தூய்மையாகாது. சுவரிலிருந்து வெளிவரும் குழாயைச் சுற்றி நீர் தேங்காது. மேடையில் நிறுத்தப்படும் குழாயின் அடியில் நீர் தேங்கும். ஒரே பெயருள்ள நிறம் தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் வேறுபடுவதால், ஓர் அறைக்குரியவற்றை ஒரே வரிசையில் ஒரே முறை வாங்குவதும், உதிரிப் பாகங்களைச் சேர்த்து வாங்கி வைப்பதும் பயன் தரும்.

தூய்மை செய்தல்

மேலே கூறிய எல்லாப் பூச்சுகளுக்கும் பொதுவான முறை ஒன்றே: மென்மையான துணி, சிறிதளவு சவர்க்காரம், வெந்நீர், பின்னர் உலர்ந்த துணியால் துடைத்தல். மலைப்பகுதியில் கடைசிப் படியே மிக இன்றியமையாதது. குளித்து முடித்ததும் அரை நிமிடம் துடைப்பதும், சாளரத்தைச் சிறிது நேரம் திறந்து வைப்பதும் பூச்சின் ஆயுளைப் பன்மடங்கு நீட்டிக்கும்.

தவிர்க்க வேண்டியவை:

• கழிப்பறைக்குரிய அமிலத் திரவங்கள். இவற்றில் பலவற்றில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் உள்ளது. இது குரோமியத்தைக் கரைக்கும். இதன் ஆவி படுவதே துருவுறா எஃகைப் புள்ளியிடப் போதுமானது. எனவே மூடி தளர்ந்த அமிலப் புட்டியைக் குழாயருகில் வைத்தலும் ஆகாது.
• பாத்திரம் துலக்கும் தூள், கம்பி நார், சாம்பல். இவை பரப்பைக் கீறும். கம்பி நாரின் இரும்புத் துணுக்குகள் எஃகின்மேல் தங்கித் துருப்பிடிக்கும்.
• வெளுப்புத்தூள் கரைசலை நெடுநேரம் விட்டு வைத்தல். இது எஃகிலும் பித்தளையிலும் குழி ஏற்படுத்தும்.
• நீலகிரித் தைலம். யூக்கலிப்டசு எண்ணெய் புதிய பொருட்களிலுள்ள ஒட்டுத்தாளின் பசையை நீக்க உதவும். ஆனால் அது ஒரு கரைப்பான் ஆதலால் மெருகெண்ணெய்ப் பூச்சிலும் நெகிழியிலும் பயன்படுத்தலாகாது.

அமிலத் திரவத்தையும் வெளுப்புத்தூளையும் ஒருபோதும் சேர்த்துப் பயன்படுத்தலாகாது. இரண்டும் கலந்தால் குளோரின் என்னும் நச்சு வளிமம் வெளிப்படும். குளிருக்காகச் சாளரத்தை அடைத்த சிறிய குளியலறையில் இது உயிருக்கே ஊறு விளைவிக்கும். கறை நீங்காத குழாய் ஒன்றிற்காக அடுத்தடுத்து வெவ்வேறு திரவங்களை ஊற்றுவதே இத்தகைய விபத்துகளுக்கு வழிசெய்கின்றது. எளிதில் துடைக்கக்கூடிய பூச்சைத் தெரிவு செய்தல், தூய்மைப் பணியாளர்கள் வலிய அமிலங்களைக் கையாளும் தேவையையும் குறைக்கின்றது.

சூழலும் உடல்நலமும்

குழாயின் மேலுள்ள உலோக நிலைக் குரோமியம் தொடுவோருக்குத் தீங்கு விளைவிப்பதில்லை. ஆனால் முலாம் பூசும் தொட்டிகளில் மரபாகப் பயன்படும் ஆறிணைதிறக் குரோமியச் சேர்மங்கள் புற்றுநோய் உண்டாக்குபவை எனப் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியுள்ளது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2017 செப்டெம்பர் முதல், உரிய ஒப்புதலின்றிக் குரோமியம் மூவாக்சைடைப் பயன்படுத்துதல் தடுக்கப்பட்டுள்ளது. இதற்கு மாற்றாக, நச்சுத்தன்மை குறைந்த மூவிணைதிறக் குரோமிய முலாம் முறையும், கழிவுநீர் குறைவான ஆவிப்படிவு முறையும் பெருகி வருகின்றன.

குரோமியக் கழிவின் விளைவைத் தமிழ்நாடு இராணிப்பேட்டையில் கண்டுள்ளது. அங்கு தோல் பதனிடலுக்கான குரோமிய வேதிப்பொருட்களை உற்பத்தி செய்து, 1990-களில் மூடப்பட்ட தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்ட் கெமிக்கல்ஸ் நிறுவனம், ஓர் இலட்சம் டன்னுக்கும் மேற்பட்ட குரோமியக் கழிவை விட்டுச்சென்றது. நிலத்தடி நீரில் அதன் தாக்கம் ஆலை மூடப்பட்ட பின்னும் நீடித்தது. அது முலாம் பூசும் ஆலை அன்று எனினும், அதே உலோகத்தின் கழிவு எத்தகையது என்பதைக் காட்டுகின்றது. ஐந்தாண்டுகளில் உரிந்துபோகும் மலிவான முலாமை மீண்டும் மீண்டும் வாங்குவதை விட, இருபதாண்டுகள் நிற்கும் ஒன்றை வாங்கித் துடைத்துப் பேணுதல், இக்கழிவைக் குறைக்கும் வழிகளுள் ஒன்று ஆகும்.

இவற்றையும் பார்க்கவும்

• மின்முலாம் பூசுதல்
• துருவுறா எஃகு
• பித்தளை
• கடின நீர்
• நீலகிரி மாவட்டம்